‘சரி’ என்ற கட்டளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி சம்பந்திக்கு எழுதியது

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் பெண்ணும் அங்கே எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு எழுதும்போது எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதக் கூடாதவற்றையெல்லாம் மூன்று நாளாக அடித்து அடித்துப் பார்த்தேன். கடைசியில் ‘வணக்கம்’ மட்டும் மிஞ்சியது. ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளவும்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, படுக்கச் சொல்லியும் படுக்காமல் என் மேஜைப் பக்கம் வந்தீர்கள். அங்கே ஆபீஸ் மடிக்கணினிக்குப் பக்கத்துச் சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தக் காகிதம் சிரிப்பதற்கு ஒட்டியதல்ல. நான் ஒரு லிப்ட் கம்பெனியின் கையேட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவன். லிப்டை எப்படி மாட்டுவது, எப்படித் துடைப்பது, நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் என்ன செய்வது என்று ஊர் உலகத்துக்குச் சொல்லுகிற வேலை. புது மேலாளர் வந்ததும் ஒரு புது ஏற்பாடு வந்தது. எந்தக் கோப்பில் யார், எந்த நிமிஷத்தில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று எதையும் மறக்காமல் வைத்திருக்கும் ஏற்பாடு. அதற்கு ஒரு கறுப்புத் திரை. அதில் முதலில் என்னென்ன மாறியிருக்கிறது என்று கேட்க வேண்டும். அவற்றில் எதை அனுப்புவது என்று பொறுக்கிக் கொடுக்க வேண்டும். காரணம் எழுதிப் பதிய வேண்டும். மற்றவர்கள் செய்ததை இங்கே இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் நம்முடையதை அங்கே தள்ள வேண்டும். இழுக்காமல் தள்ளினால் திட்டும். பதியாமல் இழுத்தாலும் திட்டும். இந்த ஐந்து கட்டளைகளையும் வரிசை மாறாமல் என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். தப்போ சரியோ, அதை வைத்துக்கொண்டு என் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன சம்பந்தி இது, தினமும் செய்ற ஒரு வேலைக்கு அஞ்சு கமாண்டா? எழுந்திருங்க, பத்து வரியில ஒரு ஸ்கிரிப்ட் போட்டுக் குடுத்துடறேன்” என்றீர்கள்.

“பரவாயில்லீங்க, இது எனக்குப் பழகிடுச்சு” என்றேன். இப்படிச் சொன்னதற்கு என் மனைவி சாட்சி. ஆனால் அந்தச் சாட்சிதான் சமையலறையிலிருந்து, “அவருக்கு ஒண்ணு பழகறதுக்கே ஆறு மாசம் ஆகும், போட்டுக் குடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்” என்று குரல் கொடுத்தாள்.

தாங்கள் உட்கார்ந்தீர்கள். முப்பது வருடம் பெரிய நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கட்டி ஆண்டவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று எனக்கும் புரிந்தது. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, “இனிமே ‘சரி’ன்னு ஒரு வார்த்தை தட்டினாப் போதும். உள்ளே அஞ்சும் அதுவா நடந்துக்கும். நடுவில ‘இன்று என்ன செய்தீர்கள்?’னு ஒரே ஒரு கேள்வி கேட்கும். பதில் எழுதிட்டு எண்டர் தட்டுங்க, அவ்வளவுதான்” என்றீர்கள். கையேடு எழுதுகிறவனுக்கு இதைவிடச் சின்னக் கையேடு யாரும் கொடுத்ததில்லை. வீட்டில் முப்பது வருடமாக நான் சொல்லிவரும் வார்த்தையும் அதுதான் என்பதால் பழகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சுவரில் இருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கிழிக்கும்போதே மனசு என்னமோ சொல்லிற்று. நான்தான் காது கொடுக்கவில்லை.

முதலில் விழுந்த அடி, எனக்கு எதிர் மேஜையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் நண்பரால் வந்தது. இல்லை, என்னால் அவருக்குப் போய், அவரால் எனக்குத் திரும்பி வந்தது. காற்புள்ளி போடுவதில் அவருக்கு இருக்கும் பிரியத்தால் அவரை ஆபீசில் எல்லாரும் கமா என்றுதான் கூப்பிடுவோம். நூற்றெண்பது பக்கம் உள்ள ஒரு கையேட்டில் அவர் மூன்று வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகச் செதுக்கி அனுப்பியிருந்தார். அதே பக்கங்களை நானும் இறுதிப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் ‘சரி’ போட்டேன். மறுநாள் அவருடைய காற்புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டால் கணினி இருவரையும் நிறுத்தி, யாருடையது வேண்டும் என்று கேட்குமாம். இது எங்கள் சிஸ்டம் பார்க்கும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைக் கேட்கவில்லையே என்று தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “உங்களுக்கு எதுக்குங்க அந்தத் தலைவலி? எப்பவும் உங்களுதே நிக்கட்டும்னு நான்தான் போட்டு வச்சேன்!”

நல்லெண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கமா என்னிடம் வந்து, “பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே சார், பத்தொன்பது வருஷத்துல நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?” என்று கேட்டபோது, என் சம்பந்தி செய்தார் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து காபி குடிக்கப் போகும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. எதிர் மேஜையில் ஒரு மனிதர் காபிக்கு எழுந்து, ஒரு கணம் நின்று, பிறகு தனியாகப் போவதைத் தினமும் இரண்டு வேளை பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள்.

அடுத்தது படம். தங்கள் ஸ்கிரிப்ட் பொறுக்கிக் கொடுக்கச் சொல்வதில்லை. அந்த மடிக்கணினியின் அந்த அடைவில், அதாவது போல்டரில், என்ன இருந்தாலும் மொத்தமாக வாரி அனுப்பிவிடும். நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்த ஒரே அடைவு அதுதான். அதில் என் மனைவியின் இரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது, அது போயிற்று. தண்ணீர்க் குழாய் ஒழுகுவது பற்றி வீட்டுக்காரருக்கு எழுதிய புகார் இருந்தது, அது போயிற்று. கல்யாண மண்டபத்தில் தாங்கள் நாற்காலியில் சாய்ந்து, வாய் திறந்து, சற்றே கண் அயர்ந்திருந்த படம் ஒன்றும் இருந்தது. எடுத்தது நானல்ல, மாப்பிள்ளையின் நண்பர். அது ஆபீசில் நாற்பத்து மூன்று பேரின் கணினிக்குப் போயிற்று. தெரிந்தவுடன் பதறிப்போய் அழித்தேன். ‘சரி’ போட்டேன். ‘இன்று என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். “சம்பந்தி வாய் திறந்து தூங்கும் படத்தை அழித்தேன்” என்று எழுதினேன். அதுவரை அந்தப் படத்தைக் கவனிக்காதவர்கள்கூட அதன் பிறகு பழைய பதிவில் போய்த் தேடிப் பார்த்தார்கள். அழித்த பிறகும் அது அங்கேயே இருக்கிறதாம். அழித்தேன் என்பதும் கூடவே இருக்கிறதாம்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். லிப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே ஒரு பலகை வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதற்கு வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நடுவில் நின்றுவிட்டால் முதலில் மஞ்சள் பொத்தானை அழுத்த வேண்டும், அதுவரை எழுதினேன். அழுத்தியும் யாரும் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதை இன்ஜினியர்கள் முடிவு செய்து சொல்லவில்லை. அது வரும்வரை இடத்தை நிரப்பி வைப்போம் என்று, “இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நம்புவோம்” என்று தட்டி வைத்தேன். இருபத்தாறு வருடமாக இப்படி நூறு இடம் நிரப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பாமல் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஆனால் ‘சரி’ வைத்துக்கொள்ள விடவில்லை. அன்று மாலை அது வேறொரு பக்கத்தோடு சேர்ந்து போய், அச்சுக்குப் போய், எஃகுத் தகட்டில் பொறிக்கப்பட்டு, அறுபது லிப்டுகளில் திருகாணி போட்டு மாட்டப்பட்டுவிட்டது. அறுபதில் ஐம்பத்தொன்பது ஒழுங்காக ஓடின. ஒன்று மட்டும் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே ஒரு பல் மருத்துவர். மஞ்சள் பொத்தானை அழுத்திவிட்டு முப்பத்தைந்து நிமிஷம் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்ததும் நேராக எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். எடுத்தவன் நான்தான், என் ஜாதகம் அப்படி.

“போர்டுல எழுதினவரோட பேசணும்” என்றார்.

“நான்தாங்க” என்றேன்.

“எழுதின உங்களுக்கே தெரியலைன்னா, உள்ளே மாட்டிக்கிட்ட எனக்கு எப்படிங்க தெரியும்?”

நியாயமான கேள்வி.

விசாரணை வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பெரிய அறையில் எல்லாரையும் கூட்டினார் மேலாளர். அந்த வரி எப்போது உள்ளே வந்தது என்று பார்ப்பதற்காகச் சிஸ்டம் பார்க்கும் பெண் பதிவேட்டைச் சுவரில் பெரிதாகப் போட்டாள். சம்பந்தி, இதைத்தான் நான் எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தவித்தேன். ‘இன்று என்ன செய்தீர்கள்?’ என்று தங்கள் ஸ்கிரிப்ட் கேட்கும்போதெல்லாம், அது எனக்கும் கணினிக்கும் நடுவில் நடக்கும் பேச்சு என்று நினைத்தேன். என்னிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க வேறு ஆள் இல்லை. வீட்டில் ‘என்ன வாங்கி வந்தீங்க’ என்பார்கள், ஆபீசில் ‘எப்போ முடியும்’ என்பார்கள். கேட்கிறதே என்று உண்மையாகப் பதில் சொன்னேன், ஒரு நாளைக்கு இரண்டு முறை, எட்டு மாதம். அது அத்தனையும் பெயர், தேதி, மணியோடு அந்தச் சுவரில் வரிசையாக ஏறிக்கொண்டே போயிற்று. நாற்பத்து மூன்று பேர் படித்தார்கள். நானும் படித்தேன், முதல் முறையாக.

“ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு ஒற்றுப்பிழை. மேலாளர் புதுச் சட்டை போட்டிருக்கிறார். தோள் பொருந்தவில்லை. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.” மேலாளர் அன்றும் அதே சட்டையில்தான் இருந்தார். “அட்டவணை முடிந்தது. கண்ணாடி எண் மாறியிருக்கிறது. வீட்டில் சொன்னால் கவலைப்படுவாள்.” “இன்று ஒன்றும் செய்யவில்லை. செய்தது போல் உட்கார்ந்திருந்தேன்.” “பன்னிரண்டாம் பக்கம். கமா காபிக்குக் கூப்பிடவில்லை. அவர் இல்லாமல் காபி வெறும் சூடாக மட்டும் இருக்கிறது.” “பதினாலாம் பக்கம். பெண் போனில் சரியாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.”

யாராவது சிரித்திருந்தால் தேவலை. மேலாளர் தோளை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கமா மட்டும் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “அந்தக் காபி வரியில ‘இல்லாமல்’க்கு அப்புறம் ஒரு கமா வரணும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

“இதையெல்லாம் எடுத்துட முடியாதாம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சினேன்.

“ஒண்ணை எடுத்தா அதுக்கு மேல இருக்கிற எல்லாம் கலைஞ்சிடும் சார். எல்லார்கிட்டயும் ஒரு பிரதி வேற இருக்கு” என்றாள். பிறகு திரையைக் கூர்ந்து பார்த்து, “சார், இது நம்ம சர்வருக்கு மட்டும் போகலையே. இன்னொரு மெஷினுக்கும் போயிட்டிருக்கு. யாரோடது இது?” என்றாள்.

முகவரியைப் பார்த்தேன். தங்கள் வீட்டுக் கணினி.

“சம்பந்தி வீடு” என்றேன். அத்தனை பேர் நடுவில் அதைவிடக் கேவலமாக அந்தச் சொல் எங்கேயும் ஒலித்திருக்காது.

“கம்பெனி கோப்பு உங்க சம்பந்தி வீட்டுக்கு எதுக்குங்க போகணும்?” என்றார் மேலாளர்.

“பத்திரமா இருக்கட்டும்னு ஒரு பிரதி வச்சிருப்பார்” என்றேன். தாங்கள் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போது நிலைமை இதுதான். என்னைக் கணினியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலு நாளாகத் தினமும் போய், நாற்காலியில் உட்கார்ந்து, பென்சில் சீவிவிட்டு வருகிறேன். திங்கட்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டும். சரியாக இல்லையென்றால் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது என்னைக் கிடங்குக்கு மாற்றுவார்கள். அங்கே படிப்பதற்குப் பெட்டியின் மேல் ‘இந்தப் பக்கம் மேலே’ என்பதைத் தவிர ஒன்றும் கிடையாது. அதிலும் பிழை இல்லை, நான் போய்ப் பார்த்துவிட்டேன். ஆகவே தங்கள் கணினியில் உள்ள பிரதியை அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டு உடனே அனுப்ப வேண்டுகிறேன். அடுத்த முறை வரும்போது அந்த ‘சரி’யையும் என் கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய ஐந்து கட்டளைகளை ஒரு காகிதத்தில் எழுதித் தந்தால் போதும். இனி எங்கள் வீட்டில் தாங்கள் எனக்காக ஒரு வரிகூட எழுத வேண்டாம். வாருங்கள், சாப்பிடுங்கள், படுங்கள்.

இன்னொன்று. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எட்டு மாதமாகத் தங்கள் வீட்டில் வந்து விழுந்ததை எல்லாம் தாங்கள் படித்திருப்பீர்கள். படித்தும் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் போனில் சிரித்துப் பேசினீர்கள், அது தங்கள் பெருந்தன்மை. “‘இழுவை’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதினேன். சம்பந்தி வந்திருந்தார், சாயங்காலம்தான் போனார்” என்று எழுதியது நான்தான். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. “சம்பந்தி சர்வர் அறையில் தீயணைத்த கதையை நாலாவது முறை கேட்டேன். இந்த முறை தீ இன்னும் பெரியது” என்று எழுதியதற்கும் மன்னிக்க வேண்டும். “சம்பந்தி வீட்டு மாடிப்படி செங்குத்து. பெண் எப்படித்தான் தினமும் ஏறி இறங்குகிறாளோ” என்பது குறையாகச் சொன்னதல்ல, கவலை. “சம்பந்திக்கு எல்லாம் தெரியும், அடுத்தவருக்கு அது வேண்டுமா என்பது மட்டும் தெரியாது” என்று எழுதிய அன்று எனக்கு லேசான காய்ச்சல்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் ஆசிகள் எந்நாளும் உண்டு. அந்த வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுளோடும், கூடுமானவரை ஓய்வோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பெண் வீட்டுச் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காமல் நேராக இங்கே வந்துவிடவும். உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் பெண் போன் செய்தாள். வழக்கமாக அம்மாவைத்தான் கேட்பாள். இன்று, “அம்மாகிட்ட குடுத்துடாதீங்க, உங்ககிட்டதான் பேசணும்” என்றாள். “நாலு நாளா ஒண்ணுமே வரலையேப்பா, உடம்புக்கு என்ன?” என்றாள். எது வரவில்லை என்றேன். தங்கள் கணினியில் ஏதோ தேடப்போய், ஆறு மாதத்துக்கு முன்பே அதைக் கண்டுபிடித்தாளாம். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் படித்துவிட்டுத்தான் போகிறாளாம். “மாமா படிப்பாரேம்மா” என்றேன். “அவர் ஒரு நாள்கூடத் திறக்கலைப்பா. போட்டு வச்சதையே மறந்துட்டார்” என்றாள். அதற்கப்புறமும் இருவரும் போனை வைக்கவில்லை.

ஆகவே தங்களைப் பற்றி நான் எழுதியது எதுவும் தங்களுக்குத் தெரியாது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். மூன்று நாள் திருத்தி எழுதியது, ஒரு பிழைகூட இல்லை, மனசு வரவில்லை. ஆபீஸ் கோப்புகளை மட்டும் தயவுசெய்து அழித்துவிடவும், கையொப்பமிட்ட அந்த வரியும் வேண்டும். இனி ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று சொன்னதை விட்டுவிடுங்கள். கையேடு, லிப்ட் எதுவும் இல்லாமல், ‘இன்று என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வியை மட்டும் கேட்டு, பதிலைத் தங்கள் வீட்டுக் கணினிக்கு அனுப்புகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் என் மனைவியின் பழைய மடிக்கணினியில் போட்டுத் தர முடியுமா? ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள். எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். பெண் வேலைக்குக் கிளம்புவது எட்டரைக்காம். அதற்கு முன்னால் போய்ச் சேரும்படி இருந்தால் நல்லது.